அம்மாவுக்கு ஏற்ற மென்பொருள்

“டேய், தண்ணித்தொட்டி கழுவறாங்க. ஒரு நோட்டீஸ் போட்டுக் குடு. ஓரத்துல பூ வேணும்.”

அந்த மாதத்தில் அம்மா கேட்ட பதினோராவது நோட்டீஸ் அது. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து அவளுக்குக் கை துறுதுறுவென்றிருந்தது.

மகன் டிசைனர். ஒற்றை அறையில் தனிக்கடை. அம்மா வீட்டுப் பக்கத்து பேக்கரிக்காரருக்கு அவன் போடும் கேக் பெட்டி டிசைன் பிடித்துவிட்டால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் மாமனாரின் டைல்ஸ் கடையில், “பாத்ரூமுக்கா, ஹாலுக்கா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அம்மாவின் தொல்லை ஒழிந்தால்தான் பெட்டி முடியும். இலவச டிசைன் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவளுடைய லேப்டாப்பில் ஏற்றிவிட்டு வந்தான்.

கடைக்குத் திரும்புவதற்குள் ஃபோன்.

“இதுல எண்பது பட்டன் இருக்குடா. ஒண்ணைத் தொட்டேன், நோட்டீஸே காணோம்.”

“எந்தப் பட்டனைம்மா தொட்டே?”

“அதுவும்தான் காணோமே!”

இரண்டாவது மென்பொருள் சுலபம்தான். ஆனால் இலவசம் என்பதால், நோட்டீஸின் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. தொட்டி கழுவும் கம்பெனியின் பெயர் அதுதான் என்று நினைத்து, இரண்டு வீட்டுக்காரர்கள் நம்பர் கேட்டு வந்துவிட்டார்கள். அம்மா அவனை அரைமணி நேரம் வறுத்தெடுத்தாள்.

மூன்றாவது, பிரவுசரிலேயே திறப்பது. மாதிரிகள் தயாராக இருக்கும்.

“படத்தை இழுத்துப் போட்டா போதும்மா.”

“எங்கேருந்துடா இழுக்கறது?”

“இடது பக்கத்துலேருந்து.”

“என் இடதா, கம்ப்யூட்டரோட இடதா?”

தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பாவி மனசு கேட்கவில்லை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அதுதான் வினையாகப் போயிற்று. அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது, சந்தேகங்களும் பெரிதாகிவிட்டன. எழுத்தை வளைப்பது எப்படி? பின்னணியை அழிப்பது எப்படி? நிழல் விழவைப்பது எப்படி? கேக் பெட்டி அரைகுறையாகக் கிடக்க, ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஒரு வாரம் பாடம் எடுத்தான்.

வியாழக்கிழமை ஃபோன் வரவில்லை. அப்பாடா! அன்றே பெட்டியை முடித்து, மூச்சிரைக்க பேக்கரிக்கு ஓடினான்.

பேக்கரிக்காரர் தாளை வாங்கக்கூட இல்லை.

“மன்னிச்சுக்கங்க தம்பி. பெட்டி அச்சுக்குப் போயிடுச்சு.”

“யாரு சார் பண்ணினது?”

“சாயங்காலம் வாக்கிங் வர்ற ஒரு அம்மா. காசே வேண்டாம்னுட்டாங்க.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “சும்மா பண்றவங்களுக்கு இந்த வேலையெல்லாம் எப்படி சார் தெரியும்?”

“அவங்களுக்கு எங்க தெரியும்? சிக்கல்னா பையனுக்கு ஃபோன் போடுவாங்க. அவரு டிசைனராம். கைவேலையை அப்படியே போட்டுட்டுச் சொல்லிக் குடுக்கறாராம். பெத்தா இப்படியொரு பிள்ளையைப் பெக்கணும் தம்பி!”