மூஞ்சிக்குக் கடக்கால்

அங்கமுத்து தன் நாற்பத்து மூன்று வருஷத்தில் எடுத்த முடிவுகளிலேயே உறுதியானது, தன் முகத்தில் பவுண்டேஷன் பூச விடுவதில்லை என்பதுதான். காலைக் கஞ்சியை முடித்துவிட்டு, எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அதை அறிவித்தான்.

“பவுண்டேஷன்னா இன்னா? கடக்கால். வூட்டுக்குப் போடறது. மூஞ்சிக்கு எவனாவது கடக்கால் போடுவானா?”

“மேல்மாடி காலியா கீது. கடக்காலாவது ஒழுங்கா இருக்கட்டுமேன்னு பாத்தேன்,” என்றாள் அவன் பெண்டாட்டி தேவகி, தட்டைக் கழுவிக்கொண்டே.

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய அந்தக் குப்பத்தில் நூற்றிருபது வீடுகள். ஏரியும் கடலும் வெயிலும் சேர்ந்து எல்லாரையும் ஒரே நிறத்தில் வறுத்தெடுத்திருந்தன. அங்கமுத்து மட்டும் சிவப்பு. வெயிலில் போனால் கறுக்க மாட்டான். தக்காளி மாதிரி ஆகி, ரெண்டு நாளில் பழையபடி வெளுத்துவிடுவான். தன் பாட்டனுக்குப் பாட்டன் ஒரு டச்சுக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் துணிபு. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் போனால், உறவுக்காரர்களைப் பார்த்த மாதிரி தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் வருவான்.

“அவங்க போயி இருநூறு வருஷம் ஆவுது. கலரு இன்னும் போவலையே மாமா. இன்னா கம்பெனி பெயிண்டு அது?” என்பாள் தேவகி.

தேவகிக்குத் தொழில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது. பொன்னேரியில் பார்லர் வைத்திருக்கும் ஜெபசெல்வியிடம் ஆறு மாதம் கற்றுக்கொண்டு வந்தவள். சுற்றுவட்டாரக் குப்பங்களில் அவள் கை பட்ட பெண்ணைப் பெற்ற தாயே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துத்தான் கூப்பிடுவாள். மாநிறமோ கறுப்போ, அவளுக்கு அத்துப்படி. இடறியது சிவப்பில்தான். ரெண்டு மாதம் முன்னால் ஆரம்பாக்கத்தில் சிவப்பான பெண் ஒருத்திக்குப் போட்டாள். நேரில் நன்றாகத்தான் இருந்தது. போட்டோவில் பிளாஷ் பட்டதும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர், கழுத்து பூசாத செங்கல். யாரோ ஒருத்தி தலையை இன்னொருத்தி உடம்பில் வைத்த மாதிரி அந்தப் படம் வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. பேசி வைத்திருந்த ரெண்டு கல்யாணம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஆளிடம் போய்விட்டது.

இப்போது திருப்பாலைவனத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்திருந்தது. பெண் பேர் நந்தினி. பெங்களூரில் வேலை. கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வருவாள், முன்கூட்டிப் போட்டுப் பார்க்க வழியில்லை. பெண் பார்த்த அன்று தேவகி அவளை நேரில் பார்த்திருந்தாள். அங்கமுத்துவின் நிறமேதான். வெயில் பட்டால் சிவக்கிற அதே தோல். ஜெபசெல்வி ஏழு சின்ன டப்பாவில் ஏழு விதமான பவுண்டேஷனை நம்பர் ஒட்டிக் கொடுத்து, “இதே கலர்ல யாராவது கெடைச்சா போட்டுப் பாத்துக்கோ. இந்தக் கல்யாணமும் கெட்டுச்சுன்னா உன்னை யாரும் கூப்ட மாட்டாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“ஒரே ஒரு நாள் உக்காரு மாமா. தாடையில கோடு கோடா போட்டுப் பாத்துட்டு தொடச்சிடறேன்.”

“ஆம்பள மூஞ்சிம்மே இது.”

“தோலுக்கு ஆம்பள பொம்பள தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

அதோடு பேச்சு முடிந்தது. தேவகி மறுபடி கேட்கவில்லை. அதைத் தன் வெற்றி என்று அங்கமுத்து எடுத்துக்கொண்டான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன மனுஷன் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மறுநாள் பக்கத்து வீட்டு இருசம்மாள் எறா கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று தேவகியிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வலை பின்னிக்கொண்டிருந்த அங்கமுத்துவுக்குத் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

“மெட்ராஸ்லேர்ந்து போட்டோ புடிக்கிறவரு வராராமே, வர்ற ஞாயித்துக்கெழம?”

“ஆமாக்கா. பெரிய பெரிய கேமராவாம். பேனரெல்லாம் வெப்பாங்களாம்.”

“நல்லா செவப்பான மூஞ்சியாமே?”

“அதான் பயம். அந்த மூஞ்சிக்கு எந்த டப்பான்னு தெரியலையே. தெரியாம போட்டா படத்துல பேய் மாதிரி வந்துடும்.”

வலை ஊசி நின்றுவிட்டது. மெட்ராஸ் போட்டோக்காரர். பேனர். நல்ல சிவப்பான மூஞ்சி. இந்தக் குப்பத்தில் சிவப்பான மூஞ்சி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தான். எண்ணி முடிக்க ஒரு விரல் போதும். பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் தன் முகம் ரெண்டு ஆள் உயரத்துக்கு நிற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பின்னால் ஏரி. தோளில் துடுப்பு. மீன் வாங்குகிறவனெல்லாம் எடை போடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறான்.

ஒரே சிக்கல், நேற்று எழுந்து நின்று அறிவித்தது. போய்க் கேட்டால் மானம் போகும். ஆகவே கேட்காமல் எடுப்பதென்று தீர்மானித்தான்.

ஏரியில் வலை கட்டுவதற்கு ஒவ்வொரு குழுவுக்கும் முறை நாள் உண்டு. அதற்குப் பாடு என்று பேர். அந்த வாரம் அவனுக்குப் பாடு இல்லை. தேவகி பகலில் சுய உதவிக் குழுவுக்குப் போய்விடுவாள். வீடு காலி. ஏழு டப்பாவும் அலமாரியில் வரிசையாக, பூட்டாமல், கண்ணுக்கு நேராக இருந்தன. இவ்வளவு அஜாக்கிரதையான பெண்டாட்டி என்று அவன் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டான்.

முதல் நாள் ஒண்ணாம் நம்பரை எடுத்தான். இருப்பதிலேயே வெளுப்பு அதுதான். சிவப்பை இன்னும் சிவப்பாக்கினால்தானே பேனரில் எடுபடும். படகுக்குத் தார் பூசுகிற மாதிரி நாலு விரலால் இழுத்துப் பூசி, போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தான். படத்தில் ஒரு முட்டைக்குக் கண்ணும் மீசையும் இருந்தன. கழுத்து வேறு யாருடையதோ. தண்ணீர் விட்டுக் கழுவினான். போகவில்லை. சோப்பு போட்டான். தோல்தான் வந்தது.

சாயங்காலம் தேவகி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே, ஜெபசெல்விக்குப் போன் போட்டு உரக்கப் பேசினாள்.

“ஆமாக்கா, கையில போட்டுப் பாக்கக் கூடாது, தாடையில போட்டு கழுத்தோட சேருதான்னுதான் பாக்கணும். எது மறைஞ்சி போவுதோ அதான் நம்ம கலரு. இன்னாக்கா? வெயில் தாங்கற கிரீம் கலந்ததா? அது பிளாஷ்ல வெள்ளையடிக்குமா? ஒண்ணும் ரெண்டும் அதுதானா? சரிக்கா, தள்ளி வெச்சிடறேன். வெளிச்சத்துல ஒரு படம், நெழல்ல ஒரு படம், பிளாஷ் போட்டு ஒரு படம். சரி. கழுவறதுக்குத் தேங்காண்ணெ.”

அங்கமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டான். அதிர்ஷ்டம் என்றால் இப்படித்தான் வீடு தேடி வரும் என்று நினைத்துக்கொண்டான்.

ரெண்டாம் நாள் மூணாம் நம்பர். முகம் சாம்பல் பூத்தது. நாலாம் நம்பரில் கொஞ்சம் ரோஸ் கலந்திருந்தது. அதைப் பூசி, வெளிச்சத்துக்காக வாசல்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இருசம்மாள் வந்துவிட்டாள்.

“இன்னா அங்கமுத்து, ஜொரமா? மூஞ்சி வெந்த எறா மாதிரி கீது.”

“வெயிலுதான்க்கா.”

“வெயிலு கழுத்தோட நின்னுடுச்சா?”

“சட்ட காலரு மறைச்சிருக்கும்.”

“நீ சட்டையே போடலையே.”

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே இருசம்மாள் எதற்கோ இருமினாள். இருமல் ரொம்ப நேரம் நீண்டது.

மூணாம் நாள் அஞ்சாம் நம்பர். லேசான மஞ்சள் கலந்தது. தாடையில் ஒரு கோடு இழுத்தான். கோட்டைக் காணோம். மறுபடி இழுத்தான். மறுபடி காணோம். இந்தத் தடவை நிதானமாக, முகத்திலிருந்து காதுக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒற்றி ஒற்றி வைத்தான். வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம், பிளாஷில் ஒரு படம். மூன்றிலும் அங்கமுத்துவே இருந்தான். ஆனால் பத்து வருஷம் முன்னாலிருந்த அங்கமுத்து. அந்த முகத்தோடு படகுத்துறைக்குப் போய், நாலு பேரிடம் வேண்டுமென்றே பேசிவிட்டு வந்தான். ஒருத்தனுக்கும் சந்தேகம் இல்லை. ஒருத்தன் மட்டும் “நல்லா தூங்கினியா?” என்று கேட்டான். ஆறையும் ஏழையும்கூட விட்டுவைக்காமல் போட்டுப் பார்த்தான். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவன் இல்லை. ரெண்டும் கறுப்பு தட்டின. அஞ்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவகி மேக்கப் பெட்டியைக் கட்டினாள்.

“மாமா, திருப்பாலைவனம் வரைக்கும் பெட்டி தூக்கியாந்து குடேன்.”

“எனக்கு இங்க ஜோலி கீது. யாரோ மெட்ராஸ் போட்டோக்காரரு வராராம்.”

“அவரு அங்கதான வராரு. மண்டபத்துக்கு.”

அங்கமுத்து அதற்கு மேல் கேட்கவில்லை. அலமாரிப் பக்கம் போய், நேற்றே சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த அஞ்சாம் நம்பரைப் பூசிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவில்லை. காற்றில் கலைந்துவிடும்.

மண்டப வாசலில் பேனர் இருந்தது. ரெண்டு ஆள் உயரம்தான். அதில் நந்தினியும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். அங்கமுத்து அதை மேலிருந்து கீழே ரெண்டு தடவை பார்த்தான். இது வேற பேனராக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, உள்ளே கேமரா வைத்திருந்தவர் எதிரில் போய், தாடையை லேசாக உயர்த்தி நின்றான்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. பொண்ணு வர வழி.”

தள்ளிக்கொண்டான். மேக்கப் அறைக்குப் போனான். தேவகி பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே ஒரே ஒரு டப்பா இருந்தது. அஞ்சாம் நம்பர்.

“மீதி ஆறும் எங்கம்மே?”

“திருப்பிக் குடுத்துட்டேன். அஞ்சுதான்னு முடிவாயிடுச்சே.”

“யாரு முடிவு பண்ணா?”

தேவகி தன் போனை நீட்டினாள். அதில் அங்கமுத்து இருந்தான். முட்டையாக, சாம்பலாக, வெந்த எறாவாக, வெயிலில், நிழலில், பிளாஷில். மொத்தம் நாற்பத்தாறு அங்கமுத்து.

“ரெண்டு போனுலயும் நம்ம ஒரே கூகுள் கணக்குதான போட்டு வெச்சிக்கிறோம். நீ அங்க எடுக்க எடுக்க இங்க வந்து வுழுந்துகினே இருந்துச்சு. ஒரு நாள் உக்காருன்னா மாட்டேன்னுட்ட. மூணு நாள் நின்ன.”

“போட்டோக்காரரு செவப்பான மூஞ்சி கேட்டாருன்னு சொன்னியே.”

“கேட்டாருன்னு சொல்லல. செவப்பான மூஞ்சின்னுதான் பேசிக்கினோம். பொண்ணுதான் செவப்பு.”

அங்கமுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கோபமாகத்தான் ஆரம்பிக்க நினைத்தான். அதற்குள் நந்தினி வந்து உட்கார்ந்துவிட்டாள். தேவகி டப்பாவைத் திறக்காமல் கையில் உருட்டிக்கொண்டே நிற்பதை அவன் பார்த்தான். ஆரம்பாக்கத்துப் படம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். குரலைத் தாழ்த்தி, “கழுத்தை வுட்டுடாத. காதுக்குப் பின்னாலயும் ஒத்தி வை. இழுக்காத” என்றான்.

தேவகி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் டப்பாவைத் திறந்தாள்.

முகூர்த்தம் முடிந்ததும் போட்டோக்காரர் கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினார். பிளாஷ் படம். முகமும் கழுத்தும் ஒரே நந்தினிக்குச் சொந்தமாக இருந்தன. பெண்ணின் அம்மா தேவகியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அங்கேயே இன்னொரு கல்யாண வீட்டார் நம்பர் வாங்கினார்கள். அங்கமுத்து ஓரமாக நின்று, அந்த முகத்தில் பாதி தன் வேலை என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் நிமிர்ந்தான்.

விருந்துக்கு வந்திருந்த ஜெபசெல்வி அவர்கள் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேவகி அவளுக்கு அனுப்பியிருந்த படங்களைத் தன் போனில் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் கன்னமும் தாடையும் கழுத்தும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி எடுத்தவை.

“இன்னா தோலுடி இது. பொன்னேரி முழுக்க தேடினாலும் இப்டி கெடைக்காது. யாரு இந்தப் பொண்ணு? நம்ம பார்லருக்குக் கூட்டியாயேன், படம் புடிச்சி செவுத்துல மாட்டலாம்.”

தேவகி புருஷன் இலையில் இன்னொரு அப்பளத்தை வைத்தாள்.

“எங்க வூட்டுப் பொண்ணுதான்க்கா. கேட்டா வராது, ரொம்ப வெக்கம். கேக்காம வுட்டுட்டா தானா வந்துடும்.”