மதகின் மேல் உட்கார்ந்தவள்

வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவர்களை நம்பி எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். மஞ்சள்தூளை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. இதை நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன்.

எழுபதுகளில் ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கம்பைநல்லூர்க்காரியான எனக்கு அங்கே ரேடியோவுக்கு டையோடு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. மிளகளவு டையோடு. அதற்குள் வைக்கும் சிலிக்கான் துணுக்கைக் கழுவ ஓர் ஆசிட். கண்ணாடிப் புட்டியில் ஊற்றினால் புட்டியையே தின்றுவிடும்! கேட்டதும் இரண்டடி பின்னால் போனேன். (மறுநாளே கழிவுநீர்ப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பயப்படுகிறவள்தான் ஜாக்கிரதையாக இருப்பாளாம்.)

கழுவிய ஆசிட் தண்ணீர் ஒரு கல்தொட்டியில் சேரும். அதில் சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கினால், விஷம் சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்த பால் போல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். தினமும் பார்த்தும் எனக்கு அந்தப் பிரமிப்பு தீரவில்லை. பூசையில் நிற்பது போல வாய்மூடி நிற்பேன். பிறகு சோதனைத் தாளை நனைத்துப் பார்த்துவிட்டு மதகுப் பலகையைத் தூக்கினால், நீர் வாய்க்காலில் இறங்கி திம்மராயப்பாவின் ராகிக் கொல்லை வழியே போகும். அவருடைய எருமைகள் அதைத்தான் குடிக்கும்.

ஒருநாள் அவர் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரையும் ஓர் எருமையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது நல்ல தண்ணின்னு எங்க கண்ணு முன்னால காட்டுங்கம்மா. இல்லீன்னா வாய்க்கால இன்னிக்கே அடைச்சுப்புடுவோம்."

அடைத்தால் பட்டறைக்குப் பூட்டு. முதலாளி என்னைப் பார்த்தார். சோதனைத் தாளோ தீர்ந்துபோய், பெங்களூரிலிருந்து இன்னும் வரவில்லை.

அப்போதுதான் என் முதல் வகுப்பு மூளை விழித்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று காட்டிவிடலாம்! ஒரு டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் போதும். கூட்டத்துக்கெல்லாம் தெரிய வேண்டாமா? முதலாளி வீட்டுச் சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவை வாங்கிவந்து, தொட்டியில் அப்படியே கவிழ்த்துக் கழியால் கலக்கினேன்.

தொட்டி முழுக்க ரத்தச் சிவப்பு. (தாள் தீர்ந்த பயத்தில் அன்று இரண்டு மடங்கு சுண்ணாம்பு போட்டிருந்தேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.)

"அய்யய்யோ, கெடா வெட்டுன மாதிரி இருக்குதே!" என்றார் திம்மராயப்பா.

"நமக்கு ஆரத்தி சுத்தறாங்க போலண்ணா," என்றது ஒரு குரல். எருமைகூடப் பின்வாங்கியது.

"எதையாவது பண்ணுங்க மேடம்," என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

பண்ணினேன். கையுறை மாட்டிக்கொண்டு, அன்றைய கழிவு ஆசிட் இருந்த பிளாஸ்டிக் கேனை எடுத்து முழுவதையும் ஊற்றினேன். விழுந்த இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. அது பூசணிப்பூ போல விரிந்து, சிவப்பை ஓரம் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போய், தொட்டி முழுவதும் பொன்னாகிவிட்டது. பிறகு கைதட்டல்.

"பெரிய வித்தைக்காரிங்க நீங்க," என்று கும்பிட்டார் திம்மராயப்பா. "மாடு தாகத்துல நிக்குது. நானே தொறந்து வுடறேன்." மதகுப் பக்கம் நடந்தார்.

அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பு மிஞ்சினால் மஞ்சள் சிவக்கும். ஆசிட் மிஞ்சினால்? மஞ்சளாகவே இருக்கும். நல்ல தண்ணீருக்கும் விஷத்துக்கும் ஒரே நிறம். நான் ஊற்றியது ஒரு கேன்.

சொன்னால் வேலை போகும். பட்டறையே போகலாம். ஒரு நொடி பேசாமல்தான் இருந்தேன்.

அடுத்த நொடி ஓடிப்போய் மதகுப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். "தொறக்காதீங்க! விஷமுங்க! நான்தான் கெடுத்துட்டேன்!"

"மேடம், எறங்குங்க," என்றார் முதலாளி.

"மாட்டேனுங்க."

திம்மராயப்பா நடையை நிறுத்தினார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, "வேல போனாலும் போவுதுன்னு சொல்லிப்புட்டாங்கடா. வாய்க்கா இருக்கட்டும். ஆனா இனிமே நாம பாக்காம பலகையத் தூக்கக் கூடாது," என்றார். என் பக்கம் திரும்பி, "இப்பவாவது எறங்குங்கம்மா."

"சுண்ணாம்பு போட்டாத்தான் எறங்குவேன்."

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். அந்தப் பொன்னிறம் மெல்ல மெல்லச் சிவந்ததை மேலிருந்து அழுதுகொண்டே பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. தாள் வந்துசேரும்வரை தொட்டியை யாரும் திறக்கவில்லை. வேலையும் போகவில்லை.

போன மாதம் என் மகள் தோழிகளோடு ஒகேனக்கல் கிளம்பினாள். பரிசல்காரர் யார், அவருக்கு நீந்தத் தெரியுமா, யாருக்கு நீந்தத் தெரியாது என்று வாசலை மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"அப்பா! அம்மா மதகு மேல ஏறி உக்காந்துருச்சு!"

"பஸ்ஸ வுட்டுரு கண்ணு," என்று என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார். "மொதலாளி சொல்லியே எறங்காதவ."