கட்டில் எந்த ஊரில் இருக்கிறது

கொல்லன் வீடு,
கீழ டிம்ஸ்கோம்.
மே மாதம், செவ்வாய்.

இல்லை, நிற்கவில்லை. கல்யாணம் நடக்கும். அதே சனிக்கிழமை, அதே பதினொரு மணி, அதே தேவாலயம்.

பெருமதிப்பிற்குரிய மியூரியல் அத்தைக்கு ஹெஸ்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது என்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நலம். அப்பா ஸ்பெயினில் வெயில் காய்கிறார், அவரும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

என் கட்டில் வேறு ஊரில் இருப்பதால் கல்யாணம் நின்றுவிட்டது என்று உங்களுக்கு யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. தபால் நிலையக் கடை வைத்திருக்கும் திருமதி பாம்ஃப்ரிதான். அவர் சொன்னதில் கட்டில் மட்டும் உண்மை.

எல்லாம் ஒரு பலகையால் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஊர் வரலாற்றைச் சொல்லும் பலகை வைக்க முடிவாயிற்று. நான்கு அடி அகலம். பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் திரும்பவில்லை. அதனால் என்னை எழுதச் சொன்னார்கள்.

கீழ டிம்ஸ்கோமின் வரலாறு நீளமானதல்ல. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசனின் ஆட்கள் வந்து எண்ணினார்கள். பதினொரு ஆண்கள், ஒரு மாவு ஆலை, நாற்பது பன்றிகள். பெண்களை எண்ணவில்லை. உள்நாட்டுப் போரில் ஒரு படை வழி தவறி வந்தது. மேல டிம்ஸ்கோமுக்கு வழி காட்டி அனுப்பினோம். மேல டிம்ஸ்கோம் அதை இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு ரயில் வருவதாக இருந்தது. வரவில்லை. பலகையில் பாதி காலியாக இருந்தது.

ஊரின் குணத்தையும் எழுது என்றார்கள். இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "அட, சுவாரசியமா இருக்கே" என்பார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. இன்னொன்று, வெளியிலிருந்து வந்தவர் எத்தனை வருடமானாலும் வெளியிலிருந்து வந்தவர்தான். நான் மூன்று வயதில் வந்தேன். இருபத்தைந்து வருடங்கள் ஆகின்றன. போன மாதம்கூட ஊர்மன்றத் தலைவர் ஹாலட் என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார். "இந்தப் பொண்ணு ஊருக்குப் புதுசு."

அதனால்தான், அத்தை, 'இவ்வூரைச் சேர்ந்த' என்ற அந்த இரண்டு வார்த்தைகள் எனக்கு அவ்வளவு முக்கியம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அவரவர் ஊர்த் தேவாலயத்தில் அறிவிப்பு வாசிப்பார்கள் அல்லவா? "இவ்வூரைச் சேர்ந்த டங்கன் ஷெப்டன், இவ்வூரைச் சேர்ந்த ஹெஸ்டர் லாக்ஸ்டன்." டங்கனுக்கு அது ஒன்றுமில்லை. அவன் குடும்பம் அந்தப் பதினொரு பேரில் ஒருவரிடமிருந்து வருகிறது. நான் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறும்.

அடுத்து எல்லை நடை வந்தது. ஒவ்வொரு மே மாதமும் ஊரே கிளம்பி எல்லையைச் சுற்றி நடக்கும். ஹாலட் முன்னால். கையில் வில்லோ குச்சி. எல்லைக் கற்களை அடிப்போம், கற்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஊர்வலம் என் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக ஏறி, பின்கதவு வழியாக இறங்கும். உள்ளே கேக் இருக்கும். கேக்குக்காகத்தான் அந்த வழி என்று நான் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

பலகையின் மறுபாதிக்காகத் தேவாலயப் பெட்டியிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை எடுத்தேன். எல்லைக்கோடு என் வீட்டுக்குள்ளேயே ஓடியது. நாடா பிடித்து அளந்தேன். கோடு மாடியில் படுக்கையறையை வெட்டியது. கதவுப் பக்கம் கீழ டிம்ஸ்கோம். ஜன்னல் பக்கம் மேல டிம்ஸ்கோம்.

இதை ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். பெருமையாக. அடிக்குறிப்புகளுடன்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அட, சுவாரசியமா இருக்கே," என்றார் ஹாலட்.

நான் அடிக்குறிப்புகளை மடித்து வைத்தேன்.

"அப்போ நீ மேலூர்க்காரியா?" திருமதி பாம்ஃப்ரி. "நான் அப்பவே நெனச்சேன். மேலூர்க்காரங்க மாதிரி பன்னுல ஜாமை மொதல்ல தடவிட்டு அப்புறம்தானே க்ரீம் வைக்கிறா."

"சும்மா இரு டோரீன்," என்று பின்வரிசையிலிருந்து யாரோ பாம்ஃப்ரியை அடக்கினார்கள். "உன் மருமகனும் அப்படித்தான் தடவுறான்."

"அவனை நான் சேர்த்துக்கிட்டேனா?"

பாதிரியாரம்மா பெர்னிஸ் எழுந்தார். ஐந்து ஊர்களுக்கும் அவர் ஒருவரே. எப்போதும் ரப்பர் பூட்ஸில்தான் இருப்பார்.

"ஒரு நிமிஷம், கண்ணு. இவ்வூரைச் சேர்ந்தவன்னு மூணு வாரம் சத்தமா வாசிச்சுட்டேனே நான். நீ எந்த ஊர்ல தூங்குற?"

"ரெண்டுலயும்."

"தலை எங்க?"

"ஜன்னல் பக்கம்."

"இந்த ஊர்ல என்ன இருக்கு?"

"கால்."

"காலுக்கு மட்டும் நான் கல்யாணம் பண்ணி வைக்க முடியாதேம்மா."

தலை எந்த ஊரில் உறங்குகிறதோ ஆள் அந்த ஊர் என்று ஹாலட் சொன்னார். அவருடைய தாத்தா சொன்னதாம். யாரும் மறுக்கவில்லை. அப்படியானால் எனக்கு மேல டிம்ஸ்கோமில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கைவசம் இருந்தது ஒரே ஞாயிறு.

"ஒரு மாசம் தள்ளிப்போனா என்ன?" என்றான் டங்கன், வரும் வழியில். "பழக் கேக்தானே. கெட்டுப்போகாது."

"கேக் இல்ல டங்கன். அந்த வார்த்தை."

"எந்த வார்த்தை?"

பதினொரு பேரில் ஒருவன் வம்சம். அவனுக்கு அந்த வார்த்தை பிறந்தபோதே கிடைத்துவிட்டது.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஹாலட். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார், கையில் ரம்பம் இருந்தது. அவருக்குப் பின்னால் திருமதி பாம்ஃப்ரி, அவரும் சும்மா இந்தப் பக்கம் வந்தவர், கையில் கடப்பாரை. அவருக்குப் பின்னால் தேவாலய மணியடிக்கும் ஆறு பேர், அவர்களும் சும்மா. ஒருவரும் கட்டில் என்ற சொல்லைச் சொல்லவில்லை, வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு வரிசையாக மாடி ஏறினார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வழிவிட்டதில் படியிலேயே கால் மணி நேரம் போயிற்று, பிறகு கட்டிலைத் தூக்கினார்கள், தலைமாடு கதவுப் பக்கம் வரும்படி திருப்பினார்கள், ஜன்னல் பக்கம் கூரை சரிந்து தாழ்கிறது, கால்மாட்டின் உயரமான தூண்கள் இடித்தன, "ஒரு சாண் கொறைச்சா சரியாயிடும்" என்று ஹாலட் சொன்னார், ஆமாம் அத்தை, நீங்கள் கொடுத்த ஓக் கட்டில்தான், உங்கள் மாமியார் பிறந்த கட்டில், நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன், "அட, சுவாரசியமா இருக்கே" என்றுதான் வந்தது, அதற்குள் இரண்டு தூண்கள் போய்விட்டன.

அந்த நேரம் பார்த்து மேல டிம்ஸ்கோமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிஸ்கட் டப்பாவோடு.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"நீங்கதான் மன்னிக்கணும். உங்க ஊர்ல நின்னு ரம்பம் போட்டுட்டோம்."

"அதனால என்ன. நல்லாப் போடுங்க." அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா இந்தப் பாடு? எங்க ஊருக்கே வந்துடேன். எங்களுக்கு பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வருது."

ஹாலட் ரம்பத்தைக் கீழே வைத்தார். காது சிவந்திருந்தது.

"அவ எங்க பொண்ணுய்யா. மூணு வயசுலேர்ந்து பார்க்கிறோம். பஸ் இருந்தா நீங்களே ஏறிக்குங்க."

அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மன்னிக்கணும் என்றுகூடச் சேர்க்கவில்லை. பிறகு மூலையில் வைத்திருந்த வில்லோ குச்சியை எடுத்துத் தலைமாட்டை மூன்று முறை அடித்தார். "கீழ டிம்ஸ்கோம்!" தூசி எழுந்தது. எல்லோரும் தும்மினோம். மேலூர்க்காரர்கள் கைதட்டினார்கள், நாகரிகம் கருதி.

பாதிரியாரம்மா என்னைப் படுக்கச் சொல்லிப் பரிசோதித்தார்.

"தலை?"

"கதவுப் பக்கம்."

"மூணு வாரமும் இப்படியே இருந்துச்சுன்னு வச்சுக்கறேன். ஆண்டவர் அளவு நாடாவோட வரமாட்டார்."

எனவே சனிக்கிழமை வந்துவிடுங்கள். இவ்வூரைச் சேர்ந்த ஹெஸ்டர் லாக்ஸ்டனாக உங்களைப் பக்கத்து நகரத்து ரயில் நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வேன். அந்த நீலத் தொப்பியையே போட்டுக்கொள்ளுங்கள், பெரியதாக இல்லை. மாமாவுக்கு என் வணக்கம். பூனைக்கு என் விசாரிப்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும். கட்டிலைப் பற்றி மாமாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

அன்புள்ள,
ஹெஸ்டர்

பி.கு. உறையை ஒட்டுமுன் வரைபடத்தைத் திருப்பிக் கொடுக்க மடித்தேன். அதன் ஓரத்தில் கூம்பாக ஒரு குறி. முனை கீழே பார்த்திருந்தது. கிணறு என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். கிணறு இல்லை, அத்தை. தேவாலயக் கோபுரம். வரைந்தவர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே எழுதியிருக்கிறார், பாதிப் பெயர்கள் நேராக, பாதி தலைகீழாக. வடக்கு மேலே இருக்கும் என்று நான் பல்கலைக்கழகத்தில் கற்றிருந்தேன். இதில் தெற்குதான் மேலே இருக்கிறது, நான் தலைகீழாகப் பிடித்து அளந்திருக்கிறேன். ஆக, ஜன்னல் பக்கம்தான் கீழ டிம்ஸ்கோம். கட்டில் முதலில் இருந்ததே சரி. மூன்று வாரமும் பாதிரியாரம்மா வாசித்ததும் சரி. போன சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து என் தலை மேல டிம்ஸ்கோமில் இருக்கிறது. தூண்கள் ஹாலட் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. மாடிக்குப் போனேன். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தேன்.