கண்ணாடி அலமாரியில் காவலிருக்கும் சிப்பி டின்கள்

ஓட்டோன், இலோய்லோ

அன்புள்ள தங்கை நெனிதாவுக்கு,

குழந்தை இயேசுவின் அருளால் நானும் உன் அண்ணி பெலெனும் சுகம். எங்களைச் சுகமாக இருக்கவிடக் கூடாதென்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கிறிஸ்துமஸ் பெட்டியில் நீ வின்னிபெக்கிலிருந்து அனுப்பிய புகைபோட்ட சிப்பி டின்களை, முறைப்படி கூடத்துக் கண்ணாடி அலமாரியில், குழந்தை இயேசு சொரூபத்துக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். வெளிநாட்டு டின்னைத் திறந்து தின்ன நாம் என்ன அற்பர்களா? நேற்று சுகாதார ஊழியை டெல்ஃபா வந்து நிற்கிறாள். "அண்ணே, அந்த டின்ல கிருமி இருக்கலாமாம், கம்பெனியே திரும்பக் கேக்குது. வாசனையும் காட்டாது, ருசியும் காட்டாது, ஆளையே முடிச்சிருமாம். எடுத்துக் குடுங்க" என்கிறாள். வாசனையும் இல்லையாம், ருசியும் இல்லையாம், ஆனால் இருக்கிறதாம்! அவள் வீட்டு அலமாரியில் உள்ளூர் மத்தி டின்னைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். "கிருமி பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், நான் என்ன திங்கவா போறேன்?" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். "உப்பியிருக்கான்னாவது பாருங்கண்ணே" என்று கத்திக்கொண்டே போனாள். உன் அண்ணியோ அலமாரியை மறைத்து நின்றுகொண்டு, "யாருக்கும் குடுக்காதீங்க, நீங்களும் தொடாதீங்க" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கம் பேசாதவள் இன்றைக்குப் பேசினால் சந்தேகம் வராதா? நீயும்தான் போனில் "தின்னீங்களா, தின்னீங்களா" என்று அழுதாயே, எதற்கு? திரும்ப வாங்கிப் பெரியண்ணனுக்கு அனுப்பத்தானே?

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள். குளிருக்குக் காதை மூடிக்கொள். என் உயிருள்ளவரை அந்த டின்களை யாரும் தொட முடியாது.

உன் அண்ணன்,
செவெரோ

பி.கு.: உறையை ஒட்டுமுன், உப்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டின்னை எடுத்தேன். அடிப்பக்கம் பிய்ந்து மணல் கொட்டியது. எல்லா டின்னும் அப்படித்தான். பெலெனைப் பிடித்துக் கேட்டால், "தவக்கால வெள்ளிக்கிழமையில எல்லாம், நம்ம கரைச் சிப்பி மாதிரி வருமான்னு ரெண்டாந்தரம் வாங்கி வாங்கித் தின்னீங்களே, அது எதுன்னு நெனைச்சீங்க? பார்த்துக்கிட்டே இருந்தா வயிறு ரொம்புமா?" என்கிறாள். தவக்காலம் முடிந்து மாதக்கணக்காகிறது. எனக்கு இப்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. டெல்ஃபாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். தங்கமான பெண், வந்துவிடுவாள். அதற்குள் மணலை அள்ளிப் போட்டு டின்களைப் பழையபடி நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு ஆள் வரும்போது அலமாரி காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள்?