அண்ணன் பெயரில் இருபத்தாறு வருஷம்

பள்ளிபாளையம் சௌந்திரம் அத்தைக்கு, நாமக்கல்லிலிருந்து தமிழினி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். நான் மட்டும் இல்லை. போன் சந்தோஷ் அண்ணனின் தலையணைக்கு அடியில் இருப்பதால், எல்லோரும் தூங்கியபின் வேதியியல் நோட்டுக்குள் மறைத்து வைத்து இதை எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பு என்றால் கிழித்துவிடுங்கள்.

அண்ணன் டிப்ளமோ முடித்து எட்டு மாதமாக இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். முதல் கம்பெனியில் அனுபவம் கேட்டார்கள், இல்லை என்றான், அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இன்டர்வியூ போனில், வீடியோ காலில். வைஃபை இருப்பது பெரியப்பாவின் கோழிப்பண்ணையில்தான் என்பதால் அங்கே போய் உட்கார்ந்தான். பின்னால் ஐயாயிரம் கோழி. என்ன சத்தம் என்று அவர்கள் கேட்க, மெஷின் ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறான். அப்போது பார்த்து ஒரு கோழி அவன் மடியில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை அத்தை. நான்தான் பாவப்பட்டு, இங்கிலீஷ் தெரியும் என்ற திமிரில், புது ரெசியூம் எழுதிக் கொடுத்தேன். எழுத அவனிடம் ஒன்றுமே இல்லை. அதனால் அப்பா இருபத்தாறு வருஷமாக லாரிப் பட்டறையில் செய்கிற வேலையை, சோறு சாப்பிடும்போது சொல்கிறதை எல்லாம், அண்ணன் பயிற்சியில் கற்றதாக எழுதிவிட்டேன்.

டிரெய்லர் செய்கிற ஒரு கம்பெனி உடனே கூப்பிட்டுவிட்டது. அப்பாவும் கூடவே கிளம்பினார். நம் ஊரில் பையனை எங்கே தனியாக அனுப்புகிறார்கள்? வெளியே வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஆபீசர், வெறும் நூலை வைத்து லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் வளைவைக் கண்டுபிடிப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, எப்படி என்று கேட்டிருக்கிறார். அண்ணன் எழுந்து, “அப்பாவக் கேட்டுட்டு வாரேனுங்க” என்று வெளியே வந்துவிட்டான். கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னான். அடுத்த கேள்விக்கும் வந்தான். மூன்றாவது தடவை ஆபீசரே பின்னாடி வந்துவிட்டார். அப்பா நூலை இழுத்துக் கட்டி, அங்கே நின்ற வண்டியிலேயே செய்து காட்டினாராம்.

“இது உங்க பையன் ரெசியூமா, உங்களோடதா?”

“பையனுதுங்க. எனக்குன்னு அப்படி ஒண்ணும் இல்லீங்க.”

ஆபீசர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெள்ளிக்கிழமை யாராவது அந்த ரெசியூமைத் தமிழில் படித்துக் காட்டினால், நான் அவருடைய உழைப்பைத் திருடி அண்ணனுக்குக் கொடுத்தது தெரிந்துவிடும். ‘எம்புள்ள பொய் பேசாது’ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன் அத்தை. நீங்கள் சொன்னால்தான் கேட்பார். வியாழக்கிழமையே வந்து, கால் வலி, கரண்டு பில், என்னத்தையாவது சொல்லி அவரை அங்கே போகவிடாமல் செய்யுங்கள்.

மாமாவுக்கும் மைதிலிக்கும் என் அன்பைச் சொல்லவும்.

பயத்துடன்,
தமிழினி

பி.கு.: கவரை ஒட்டும் முன்பு அப்பா தண்ணி குடிக்க எழுந்து வந்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: “சாமி, அந்த ஆபீசரு எனக்கும் ஒரு ரெசியூம் கொண்டாரச் சொல்லியிருக்காரு. அண்ணனுக்கு எழுதுன மாதிரியே எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு.” நீங்கள் வர வேண்டாம் அத்தை. அண்ணனுக்கு எழுதிய பழைய ரெசியூமை எடுத்துப் பார்த்தேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அண்ணனுக்குத்தான் இனிமேல் எழுத ஒன்றும் இல்லை.