சங்கத்திலிருந்து ஆள் வருகிறது

தலைவன் என்பவன் பிறக்கும்போதே தலைவனாகத்தான் பிறக்கிறான். அவனுக்கு வகுப்பு தேவையில்லை, சங்கம் தேவையில்லை, பயம் என்பது அவன் பக்கமே வராது. இது இரத்தினவேலின் முடிவான கருத்து. இதற்கு அவரிடம் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவர் சிரேஷ்ட மாணவ முதல்வர். இப்போது கனடாவின் ஸ்காபரோவில், பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் லீட் ஹாண்ட், அதாவது பதினொரு பேருக்கு மேலேயும் ஒரு சூப்பர்வைசருக்குக் கீழேயும் இருப்பவர்.

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் உள்ள வீட்டில், இரவுப் புட்டுக்கு முன்னால் இருந்து இந்தக் கருத்தை அவர் வெளியிட நேர்ந்ததற்குக் காரணம் மகள் அட்சயா. பள்ளிக்கூட மாணவர் கவுன்சிலின் உபதலைவி. மாகாணம் முழுவதிலும் இருக்கிற கவுன்சில்களுக்கெல்லாம் ஒரு சங்கம் இருக்கிறதாம். அது பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கப் பழக்குகிறதாம். போன கிழமை நடந்த பயிற்சியில் எல்லோரும் வட்டமாக இருந்து, ஒரு நூல்பந்தை ஆளுக்காள் எறிந்து, பிடித்தவர்கள் தங்களுக்கு என்ன பயம் என்று சொன்னார்களாம்.

"நூல்பந்தோ?" என்றார் இரத்தினவேல். "நான் முதல்வரா இருக்கேக்க ஒரு பார்வைதான். முழுப் பள்ளிக்கூடமும் லைனில நிக்கும். உங்கட கவுன்சில் என்ன செய்தது? பைஜாமாவோட பள்ளிக்கூடம் வாற நாள் வைச்சது."

"உங்கட பள்ளிக்கூடத்தில உங்களுக்கு என்ன வேணுமெண்டு ஆராவது கேட்டவையோ, அப்பா?"

அதன் பிறகு குரல் ஏறியது. அட்சயாவின் போன் பறிபட்டு ஃபிரிட்ஜின் தலைக்கு மேல் போனது. மேல்மாடியில் ஒரு கதவு சாத்தப்பட்டது. மனைவி தவமணி புட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் மத்தியானம், வேலை இடைவெளியில், இரத்தினவேலின் போனில் ஒரு குரல் பதிவாகியிருந்தது. ஒரு பெண், இனிமையான ஆங்கிலம். ஏதோ நாலு எழுத்தில் தன் அலுவலகத்தைச் சொன்னாள். இந்த நாட்டில் எல்லா அலுவலகமும் நாலு எழுத்துத்தான். உங்கள் மகள் தொடர்பாக உங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும், பிள்ளை படுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று அறிய வேண்டும், நன்றி, நல்ல நாளாக அமையட்டும்.

இரத்தினவேல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு பஸ்ரியனிடம் கொடுத்தார். பஸ்ரியன் அதே பகுதியில் பாண் அடுக்குகிறவன். கனடாவில் தனக்கு நடக்காத அத்தனை ஆபத்துகளிலும் நிபுணன்.

"அண்ணை, இது அவைதான்."

"எவை?"

"தாய் தேப்பனிட்ட இருந்து பிள்ளையளைக் கொண்டு போற அரசாங்க ஆக்கள். நேற்று வீட்டில ஏதும் சத்தம் போட்டனீங்களோ?"

"லேசா."

"லேசா எண்டால்?"

"போனைப் பறிச்சனான்."

பஸ்ரியன் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான். சாவீட்டில் மட்டும்தான் அவன் சாப்பாட்டை அப்படி வைப்பான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கும் என்றான். இனிமேல் பிள்ளையிடம் இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, கேட்டால் மிரட்டியதாக எழுதுவார்கள். திருப்பிப் போன் எடுக்கவும் கூடாது, எடுத்தால் குற்றமுள்ள மனம் என்று விளங்கிவிடும். தவமணிக்குச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் இரத்தினவேல் தானாகவே முடிவெடுத்தார். அவளுக்கு பிரஷர். இந்த வீட்டில் பயத்தைத் தாங்கக்கூடிய ஆள் ஒருவர்தான், அது தான்தான் என்று எண்ணியபோது அவர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அட்சயாவின் போன் இரண்டு கைகளாலும் அவளிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

"பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார்.

அட்சயா படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அப்பா அவளைப் பன்மையில் கூப்பிட்டதில்லை.

"அப்பா, ஆர் யூ டையிங்?"

இல்லை என்பதைக் காட்ட இரத்தினவேல் சிரித்தார். அது தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. அவள் மெதுவாக அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். உள்ளே யாருடனோ போனில், 'மை டாட் இஸ் ஆக்டிங் ரியலி வியர்ட்' என்று குசுகுசுப்பது கேட்டது. இரத்தினவேல் கதவடியிலிருந்து நுனிக்காலில் விலகினார். அதுவும் எங்கேயோ பதிவாகும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று குறுந்தகவல் வந்தது. சனிக்கிழமை இன்னொன்று வந்தது. மன்னிக்கவும், அடுத்த ஞாயிறு வருகிறோம்.

"அதுதான் அண்ணை மோசம்," என்றான் பஸ்ரியன். "முதல்ல வெளியில நிண்டு பாப்பினம்."

திங்கட்கிழமை காலையில் எதிர்வீட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஒருவர் சும்மா இருந்தார். இரத்தினவேல் ஓடிப்போய் மகளின் புத்தகப்பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டு, பஸ் தரிப்பு வரைக்கும் சிரித்த முகத்துடன் சுமந்தார். வழியில் காரைப் பார்த்துக் கையசைத்தார். அடுத்த நாள் அதே கார். இந்த முறை தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டு போய்க் கண்ணாடியில் தட்டி, நான் நல்ல தகப்பன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறுக்கி மூடிக்கொண்டு காரை எடுத்துப் போய்விட்டார். கூரையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையை, கார் திரும்பும்போதுதான் இரத்தினவேல் கண்டார். அது வேஷம் என்று பஸ்ரியன் சொன்னான்.

இனி வீட்டைத் திருத்துவதுதான் வழி. பிள்ளை படுக்கும் இடம் சின்னது என்று எழுதிவிட்டால்? பெரிய படுக்கையறையை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவியும் பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள். தவமணி "சரியப்பா" என்று மட்டும் சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓவர்டைம் நிறுத்தப்பட்டது. கார்ப்பெட் நாளுக்கு இரண்டு தரம் வாக்யூம் கண்டது. அறைக்கு ஒன்றாகப் புகை அலாரம் பூட்டினார். பொறுப்புள்ள தகப்பன் சமைப்பானாம் என்று பஸ்ரியன் சொன்னதனால், கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாகக் கத்தரிக்காய் பொரித்தார். எல்லா அலாரமும் ஒன்றாக அலறின. அவசரத்தில் யாரோ அயலவர் போன் எடுத்து, தீயணைக்கும் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட மூன்று பேர் குசினிக்குள் நின்று கருகிய கத்தரிக்காயைப் பார்த்தார்கள்.

வருகை மறுபடியும் ஒரு கிழமை தள்ளிப்போனது.

தொழிற்சாலையில் அவருக்குக் கீழுள்ள பதினொரு பேரும் இப்போது அவரைக் கவலையோடு பார்த்தார்கள். 'ப்ளீஸ்' என்று சொல்லித்தான் வேலை ஏவினார். இரவில் நித்திரை இல்லை. ஒருநாள் அட்சயா பள்ளிக்கூடம் போன பிறகு, அவளுடைய பழைய அறையின் வாசலில் நின்று அந்த வெறும் கட்டிலைப் பார்த்தார். ஏதோ எடுக்க வந்தவர், என்ன எடுக்க வந்தோம் என்பதே மறந்து வெகுநேரம் அங்கேயே நின்றார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் நின்றது ஒரு இளம்பெண். தமிழ்ப்பிள்ளை. பெயர் கரோலின் என்றாள். தமிழர் வீட்டுக்குத் தமிழரையே அனுப்புகிற தந்திரத்தை எண்ணி இரத்தினவேல் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். அவள் கட்டிலைப் பார்த்தாள், அலாரங்களைப் பார்த்து நல்லது என்றாள். பிறகு ஹோலுக்கு வந்தாள். அங்கே அட்சயாவும் கூட்டத்துக்கு வந்திருந்த கவுன்சில் பிள்ளைகள் நாலு பேரும் தரையில் வட்டமாக இருந்தார்கள். கரோலினும் அவர்களோடு இருந்துவிட்டாள்.

"அங்கிள், நீங்களும் வந்து இருங்கோவன்."

இதுதான் சோதனை என்று இரத்தினவேலுக்கு விளங்கியது. சம்மணம் கட்டி இருந்தார். எங்கிருந்தோ மஞ்சள் நூல்பந்து அவருடைய மடியில் வந்து விழுந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

"என்ர பிள்ளையைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயமாக் கிடக்கு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "சத்தம் போட்டது பிழைதான்."

அட்சயா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு இருந்தாள். யார் கொண்டு போகப் போகிறார்கள் என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவளுடைய கண் விரிந்தது. பிறகு அவள் சொன்னாள். அடுத்த மாதம் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் சங்கத்தின் மாநாடு. தூரத்து ஊர்களிலிருந்து கவுன்சில் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை உள்ளூர்ப் பிள்ளைகளின் வீடுகளில்தான் தங்க வைப்பது வழக்கம். அதற்கு முன்னால் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துப் போவார். கரோலின் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சில் தலைவி, இப்போது சங்கத்துக்கு உதவி செய்கிறவள். இந்த வீட்டுக்கு, வடக்கே தூரத்தில் இருக்கிற டிம்மின்ஸிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வருகிறார்கள். அம்மா எப்போதோ சம்மதம் சொல்லிவிட்டார்.

"அப்ப, அந்த நாலு எழுத்து உந்தச் சங்கமோ?"

"ஓம் அங்கிள்," என்றாள் கரோலின்.

இரத்தினவேல் கீழே சிதறிக் கிடந்த மஞ்சள் நூலை எடுத்துப் பந்தாகச் சுற்றத் தொடங்கினார். குசினியில் தவமணி எதையோ பொரிக்கிற சத்தம் கேட்டது. சுற்றி முடித்து, பந்தைப் பக்கத்திலிருந்த பொடியனுக்கு மெதுவாக எறிந்தார். அதன் பிறகுதான் கேட்டார்.

"ஏன் பிள்ளை இத்தனை கிழமை இழுத்தடிச்சனீங்கள்? நான் செத்துப் பிழைச்சன்."

கரோலின் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"நான் முதல் ஞாயிறே வர இருந்தனான், அங்கிள். ஒவ்வொருமுறையும் அன்ரிதான் எனக்குப் போன் எடுத்து, 'இப்ப வந்து குழப்பாதேங்கோ பிள்ளை, இஞ்ச வீடு ஒருநாளும் இல்லாத மாதிரி நல்லாப் போகுது, இன்னும் ஒரு கிழமை விடுங்கோ' எண்டவ."