பாதிச் சம்பளக் காவடி

அய்யாக்கண்ணுவின் வலது கால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே குணமாகிவிட்டது. மேல்தட்டிலிருந்த கருப்பட்டியை எட்டி எடுத்த பிறகுதான், தாம் அந்தக் காலின் நுனிவிரலில் நிற்பது அவருக்கு உறைத்தது.

"கால் தேறிடுச்சுங்களே! ஆபீசுல போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி வேலாயி.

"கத்தாதடி!" என்று கதவைச் சாத்தினார்.

கண்டியில் ஒரு தேயிலைக் களஞ்சியத்துக்கு அவர் மேற்பார்வையாளர். கூலியாட்களைத் திட்டிக்கொண்டே படியிறங்கியபோது உருண்டு விழுந்தார். ஊருக்கு அதைக் "கடமையில் பட்ட காயம்" என்று சொல்லிவைத்திருந்தார். கம்பனி பாதிச் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்காரவைத்தது. ஒரே நிபந்தனை, உடம்பில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே தலைமைக் கிளாக்கரிடம் சொல்ல வேண்டும். வலி கூடிய நாளெல்லாம் அய்யாக்கண்ணு தவறாமல் சொல்லியனுப்பினார். குறைந்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

தலைமைக் கிளாக்கர் திருச்செல்வம் ஒருநாள் குடையும் கையுமாக வந்தார்.

"என்ன ஐசே, காலில முன்னேற்றம் ஒண்டும் இல்லையோ?"

"முன்னேற்றமா? இப்ப இடுப்புக்கும் ஏறிடுச்சுங்க ஐயா!"

அன்றிலிருந்து நொண்டுவதோடு கூனவும் வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் மாமியார் மூக்காயி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே இன்னொரு குண்டைப் போட்டாள்.

"மாப்பிள்ளைக்குக் கால் தேறினா காவடி எடுப்பாருன்னு நேர்ந்திருக்கேன். பங்குனி உத்தரத்துக்கு எடுத்துருங்க."

"ஊரு பார்த்தா பணம் நின்னுரும் அத்தை!"

"எடுக்காட்டா, குடுத்த காலை முருகன் திருப்பி எடுத்துக்குவான்."

பாதிச் சம்பளம் தருகிறவனையும் பகைக்கக்கூடாது, முழுக் காலைத் தந்தவனையும் பகைக்கக்கூடாது. யோசித்து யோசித்து, நொண்டிக்கொண்டே காவடி எடுப்பதென்று முடிவு செய்தார்.

நொண்டலும் கூனலுமாய்க் காவடி தெருவில் இறங்கியதும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். துணிக்கடை நஸீம் நானா சோடாவோடு ஓடிவந்தார். "என்னா மனிசன் நீங்க! இந்தக் காலோடயா?" கூட்டத்தில் திருச்செல்வமும் நின்றார். அனுதாபம் அய்யாக்கண்ணுவுக்கு இனித்தது.

அந்த நேரம் பார்த்து மேளக்காரன் அடியை மாற்றினான். அய்யாக்கண்ணுவுக்குக் கால் மறந்தது, இடுப்பு மறந்தது, கம்பனியே மறந்தது. சுழன்றார், குதித்தார், தெருவோரச் சாக்கடைக் கானை ஒரே தாவலில் தாண்டினார். இறங்கிய இடம் திருச்செல்வத்தின் காலடி.

"நான் இல்லீங்க ஐயா... சாமி வந்திருச்சு" என்று இழுத்து, மறுபடி நொண்டினார்.

திருச்செல்வம் பக்தியோடு தலையசைத்தார். "ஓம், ஓம். உமக்கு இந்த ஆட்டம் எங்கால வரும்? இது முருகன்ர ஆட்டமெல்லே!"

"அதானே" என்றார் நஸீம் நானா. "இவருக்கு நடக்கவே சீரில்ல."

கூட்டம் சிரித்தது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மேற்பார்வையாளரின் மானம் கேட்கவில்லை.

"எனக்கா ஆட வராது? இளவட்டத்துல என் ஆட்டத்தைப் பார்க்க இந்தத் தெருவே நிக்கும்!"

"அது அந்தக் காலம்" என்றார் திருச்செல்வம் இரக்கத்தோடு.

"அந்தக் காலமா? இந்தா பாருங்க!"

மேளத்தை நிறுத்தச் சொன்னார். மேளமும் இல்லாமல், சாமியும் இல்லாமல், கானை அந்தப் பக்கம் ஒருதரம் இந்தப் பக்கம் ஒருதரம் தாண்டிக் காட்டினார்.

திருச்செல்வம் குடையை மடக்கினார். "நல்ல சுகம். திங்கட்கிழமை வேலைக்கு வாரும்."

வீட்டுக்கு வந்த அய்யாக்கண்ணு கதிரையில் பொத்தென்று விழுந்தார். "சும்மா இருந்து வாங்கின பாதிச் சம்பளம் போச்சு! இனி முழுச் சம்பளத்துக்கு முழு நாளும் உழைக்கணும். எல்லாம் உங்க நேர்த்தியால வந்த வினை, அத்தை!"

மூக்காயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"நேர்த்தியாவது ஒண்ணாவது! நான் மாவிடிக்கப் போறது உங்க கிளாக்கரய்யா வீட்டுக்குத்தான். காவடி நேர்ந்திருக்கேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னதே அவருதான், மாப்பிள்ளை."